கல்லறையில் எழுதப்படாத பெயர்

வீடியோ கேம் என்றதும் இப்பத்திரிகை வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வாசகனின் பங்கு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், வாசகன் தடுமாறுவதையே தன் விதியாக வைத்திருக்கும் ஒரு பிரதியைத் தாண்டிப் போய்விட முடியாது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் 2011இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' அப்படியொன்று. அதன் இயக்குநர் ஹிடெடகா மியாசகி, சிறுவயதில் ஆங்கில மாயக்கதைகளை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிப் படித்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த அரைகுறை வாசிப்புதான் இந்த ஆட்டத்தின் அமைப்பாகவும் ஆகியிருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கே யாரும் வழி சொல்லமாட்டார்கள். ஃபயர்லிங்க் என்ற பாழிடத்தில் இறக்கிவிடப்படுகிறோம். பக்கத்திலேயே இடுகாடு. அங்கே போனால் எலும்புக்கூடுகள் எழுந்து வந்து நாலு வெட்டில் கதையை முடித்துவிடும். புதிதாக வருகிறவர்கள் பலர் அங்கேயே செத்துச் செத்து, 'நமக்கு இது சரிப்படாது' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். எலும்புக்கூடு சொல்வது 'உனக்குத் திறமை இல்லை' என்பதல்ல; 'இப்ப இந்தப் பக்கம் வராதே' என்பதுதான். பாறைச் சரிவில் ஏறி, நீர்க்கால்வாய் வழியாக மேலே இருக்கும் நகரத்துக்குப் போகவேண்டும்.

கனத்த கவசத்துக்கு ஆசைப்படாதீர்கள். சுமக்கக்கூடிய எடையில் கால்பங்குக்குள் இருந்தால் துள்ளி விலகலாம். பாதியைத் தாண்டினால் பொதிமாடுதான். எதிரிகளிடமிருந்து சேர்க்கும் ஆன்மாக்களே அங்கே காசும் அனுபவமும். செத்தால் அவை செத்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகிற வழியில் மறுபடி செத்தால் போச்சு. கணப்பருகே இளைப்பாறினால் கொன்ற எதிரிகளும் எழுந்துவிடுவார்கள்.

2012இல் வந்த விரிவாக்கமான 'ஆர்ட்டோரியஸ் ஆஃப் தி அபிஸ்' 2018இன் மறுபதிப்பிலும் சேர்ந்தே வருகிறது. அதன் வாசல் மறைந்திருக்கிறது. காட்டு ஏரியில் பலதலைப் பாம்பைக் கொன்று, அதற்கப்பால் பொன்னிறப் படிகப் பூதத்துக்குள் அடைபட்ட டஸ்க் என்ற இளவரசியை மீட்கவேண்டும். பிற்பாடு, ட்யூக்கின் நூலகத்தில் இன்னொரு பூதத்திடமிருந்து உடைந்த பதக்கத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குத் திரும்பினால், இருளிலிருந்து ஒரு கை வந்து நம்மைக் கடந்தகாலத்துக்குள் இழுத்துக்கொள்ளும்.

மூல ஆட்டத்தில் ஆர்ட்டோரியஸ் ஒரு தொன்மம்: பாதாள இருளை வென்ற மாவீரன். அவன் கல்லறையை சிஃப் என்ற பெரிய ஓநாய் காவல் காக்கிறது. விரிவாக்கத்துக்குள் போனால் அந்த வீரன் ஏற்கெனவே இருளிடம் தோற்று, கை முறிந்து, பித்தேறி நிற்கிறான். அவனை முடித்து, இருளின் மூலமான மானஸையும் கொல்வது நாம்தான். ஆனால் பெயர் அவனுக்கு. அரசின் கதையாடல் தன் தளபதியைத்தான் நினைவில் வைக்கும். வேலை செய்த அநாமதேயனுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஆகவே வரிசை முக்கியம். கல்லறைக்குப் பிறகு விரிவாக்கத்துக்குப் போவதே பலரின் வழக்கம். நான் முன்னால் போகச் சொல்வேன். கடந்தகாலத்தில், தன் எஜமானன் விட்டுப்போன கேடயத்தின் காப்பில் ஒடுங்கிக் கிடக்கும் குட்டி சிஃபைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றுங்கள். அப்புறம் கல்லறைக்கு வந்தால், வளர்ந்த ஓநாய் நம்மை முகர்ந்து பார்க்கிறது. அடையாளம் தெரிந்துவிடுகிறது. ஊளையிடுகிறது. ஆனாலும் வாளைக் கவ்வுகிறது. நடந்தது தெரிந்த சாட்சி இங்கே அது ஒன்றுதான். அடிபட்டு அடிபட்டுக் கடைசியில் நொண்டி நொண்டித்தான் வாளை வீசும். நாமும் நிறுத்த முடியாது. அதைக் கொன்றால் கிடைக்கும் மோதிரம் இல்லாமல் நான்கு அரசர்கள் இருக்கும் இருளுக்குள் கால் வைக்க வழியில்லை.