பிரெஞ்சுத் திரையிலே புறநகர்த் தாய்மார்

பாரிஸ் என்றவுடன் ஈபெல் கோபுரமும் அலங்கார வீதிகளும் நம் மனக்கண்முன் தோன்றும். அம்மாநகரின் எல்லையைக் கடந்தாலோ வேறோர் உலகம் எதிர்ப்படுகின்றது. வரிசை வரிசையாய் எழுந்து நிற்கும் மாடிக் கட்டிடங்கள். ஒரே அளவான யன்னல்கள். 'பான்லியூ' எனப் பிரெஞ்சு மக்கள் வழங்கும் புறநகர்ப் பகுதி இது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலவிய வீட்டுப் பஞ்சத்தைப் போக்குவதற்காகக் கட்டப்பட்ட இக்குடியிருப்புகளில், காலப்போக்கில் அல்ஜீரியா, மொரோக்கோ, மாலி முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவிற் குடியேறின.

முதலில் வந்தோர் பெரும்பாலும் ஆடவரே. 1974ஆம் ஆண்டிற் பிரான்சு புதிய தொழிலாளர் வருகையை நிறுத்தியது. 1976இல், ஏற்கெனவே வந்தோரின் மனைவி மக்கள் வந்து சேர்வதற்கு விதிகளை வகுத்தது. தொழிலாளியின் தனியறை குடும்பத்தின் இல்லமாயிற்று. பிரெஞ்சுப் புறநகர்த் திரைப்படத்திலே தாய் என்னும் பாத்திரம் இடம்பெற்றதற்கு இவ்வரலாறே அடிப்படையாகும்.

இவ்வகைப் படங்களுள் முன்னோடியாகக் கொள்ளத்தக்கது மெஹ்தி சாரெப் தமது நாவலைத் தழுவி 1985இல் எடுத்த படம். அல்ஜீரியாவிற் பிறந்து, பிரான்சிலே தொழிற்சாலையிற் பணியாற்றியவர் அவர். அப்படத்திலே மாலிக்கா என்னும் தாய், வேலைத்தலத்திற் கூரையிலிருந்து விழுந்து அறிவு கலங்கிய கணவனைக் குழந்தைபோற் பேணுகிறாள். வேலையற்றுத் திரியும் மகனை ஏசுகிறாள். வாழ்க்கை வெறுத்து மாடியிலிருந்து குதிக்க முற்பட்ட பிரெஞ்சு அயலவளையும் காப்பாற்றுகிறாள். தாய் அரபு மொழி கலந்து கடிந்துகொள்ள, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று மகன் விடையிறுக்கும் கட்டம் மூல நாவலில் உண்டு. ஒரே கூரையின் கீழ் வாழும் தாயும் மகனும் இருவேறு மொழிகளில் வாழ்கின்றனர் என்பதே அதன் துயரம்.

பத்தாண்டுகளின் பின் வந்த மத்தியூ காசோவிற்சின் 'வெறுப்பு' (1995) உலகப் புகழ் பெற்றது. மூன்று இளைஞரின் ஒருநாட் பொழுதைக் கறுப்பு வெள்ளையிற் காட்டும் அப்படத்திலே தாய்மார்க்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. சமையலறையில் மகன் தரும் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு தாயை ஓரிரு நிமிடம் காண்கிறோம், அவ்வளவே. வீதியின் சினத்தைக் கண்ட கமரா, வீட்டின் உள்ளே நெடுநேரம் தங்கவில்லை.

2005ஆம் ஆண்டில், கிளிசி-சூ-புவா என்னும் ஊரிலே பொலிசாருக்கு அஞ்சி மின்நிலையத்துள் ஒளித்த இரு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி மாண்டதையடுத்து, புறநகரெங்கும் மூன்று வாரங்கள் கலவரம் மூண்டது. பெற்றோர் தம் கடமையைக் கைவிட்டனர் என்னும் குற்றச்சாட்டு அப்பொழுது வலுவாக ஒலித்தது. பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்லாத பிள்ளைகளின் குடும்பத்துக்கு உதவிப்பணத்தை நிறுத்துவதற்கு 2010இல் ஒரு சட்டமும் வந்தது. 2013இல் அது நீக்கப்பட்டது. தாய் வீட்டில் இல்லை என்றனர். அவள் எங்கே சென்றாள் என்று கேட்டவர் சிலரே.

அக்கேள்விக்குத் திரை விடை கூறியது. செலின் சியாமாவின் 'பெண்களின் கூட்டம்' (2014) என்னும் படத்திலே, மரியெம் என்னும் சிறுமியின் தாய் இரவிலே துப்புரவு வேலைக்குச் செல்கிறாள். ஆதலின் வீட்டில் அவளைக் காண்பது அரிது. அவளது இன்மை அலட்சியமன்று, உழைப்பு.

அதே விடையை முழுக் கதையாக விரித்துரைப்பது பிலிப் போக்கொனின் 'பாத்திமா' (2015). 2016இல் சிறந்த படத்துக்கான செசார் விருதைப் பெற்ற இப்படம், மொரோக்கோவிலிருந்து வந்து துப்புரவுத் தொழில் செய்த பாத்திமா எலாயூபியின் எழுத்துக்களைத் தழுவியது. மூத்த மகள் மருத்துவ மாணவி. அவளுடைய படிப்புக்காகத் தாய் பிறர் இல்லங்களைத் துடைக்கிறாள். இளையவளோ அத்தொழிலையே இகழ்கிறாள். ஒருநாட் படிகளில் விழுந்து வேலைக்குச் செல்ல இயலாது போன பாத்திமா, பிள்ளைகளிடம் பிரெஞ்சு மொழியிற் சொல்ல முடியாத யாவற்றையும் அரபு மொழியில் எழுதத் தொடங்குகிறாள். பேசத் தெரியாதவள் என்று கருதப்பட்ட தாய் ஓர் எழுத்தாளர் என்பதை நாம் அப்பொழுது உணர்கிறோம். ஈற்றிலே, சித்தியடைந்தோர் பட்டியலில் மகளின் பெயரைத் தனியே சென்று பார்த்து நிற்கும் அந்தத் தாயின் முகத்தை எளிதில் மறத்தற்கில்லை.

அதே ஆண்டிற் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ஜாக் ஒடியாரின் 'தீபன்' நம்மவரைப் பற்றியது. போரிலிருந்து தப்புவதற்காக ஓர் ஆணும், ஒரு பெண்ணும், பெற்றோரை இழந்த ஒரு சிறுமியும் ஒரு குடும்பம்போல் நடித்துப் பிரான்சை அடைகின்றனர். யாழினி பெறாத தாய். விரும்பியும் தாயானவள் அல்லள். பாடசாலை வாசலிலே, மற்றத் தாய்மாரைப் போல் தன்னையும் முத்தமிடுமாறு சிறுமி கேட்க, அவள் தாய்மையை ஒரு புதிய மொழிபோற் கற்கவேண்டியவளாகிறாள். தாய்மை பிறப்பால் மட்டும் வருவதன்று, பழகிப் பெறுவதும் ஆகும் என்பதை இவ்வளவு அமைதியாக உணர்த்திய காட்சிகள் சிலவே.

இப்படங்களிற் குறையில்லை என்பதற்கில்லை. பொறுமையே வடிவான தியாகியாகவோ, கதவுக்குப் பின்னால் மறையும் நிழலாகவோ தாயைக் காட்டிவிடுவது நெறியாளர்க்கு எளிது. தாய்க்கும் சினம் உண்டு, ஆசை உண்டு, தனக்கென ஓர் எண்ணம் உண்டு என்பதைக் காட்டிய படங்களே உயிருடன் நிலைக்கின்றன.

பாரிசின் புறநகர்களில் நம் உறவினர் பலர் வாழ்கின்றனர். தாயின் மொழி பிள்ளைக்கும், பிள்ளையின் மொழி தாய்க்கும் மெல்ல மெல்ல அந்நியமாகும் வீடுகள் அவர்களிடையேயும் உள. பாத்திமா எழுதியதை வாசிப்பதற்கு அவள் பிள்ளைகள் அரபு எழுத்தைக் கற்கவேண்டும். தாய் பிரெஞ்சு பேசக் கற்பது எவ்வளவு முக்கியமோ, அதுவும் அவ்வளவு முக்கியமன்றோ?