உங்களுக்குத் தெரியுமா? விடுதி தாங்காத மாணவர்

14 வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தவர் அமெரிக்கரான எட் ராபர்ட்ஸ். 1962-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தூங்கும்போது மூச்சுவிட அவர் படுத்துக்கொள்ளும் ‘இரும்பு நுரையீரல்’ இயந்திரம் சுமார் 360 கிலோ. விடுதித் தளம் தாங்காது. வளாக மருத்துவமனையில் ஓர் அறை ஒதுக்கினார்கள். அவரைப் போன்ற மாணவர்கள் மேலும் சிலர் அங்கே வந்து சேர, தங்களுக்கு ‘ரோலிங் குவாட்ஸ்’ என்று பெயரும் சூட்டிக்கொண்டார்கள். சக்கர நாற்காலியில் உருண்டு திரியும் கூட்டமாம், குசும்புதான்!

அந்தக் கூட்டத்தின் முயற்சியில் 1972-இல் உருவானதுதான் பெர்க்லியின் சுயசார்பு வாழ்வு மையம். உதவியாளரைத் தேடித் தருவதிலிருந்து சக்கர நாற்காலி பழுதுபார்ப்பதுவரை எல்லாம் அங்கே மாற்றுத்திறனாளிகளின் பொறுப்பில் இருந்தது.

‘இவர் வேலைக்கு லாயக்கில்லை’ என்று, படிக்கப் போன காலத்தில் ராபர்ட்ஸுக்குப் படிப்புதவி தர முதலில் மறுத்தது மாநில மறுவாழ்வுத் துறை. பின்னாளில் அதே துறைக்கு அவர்தான் இயக்குநர் ஆனார்.