மெஷினுக்குக் கீழே படுத்தால் மூச்சு விடலாமா?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கத்துச் சனங்கள் புற்றுநோய் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ மஹரகமவுக்கோ போகிறார்கள். தோட்டத்து ஆட்கள் கண்டிக்கும் மஹரகமவுக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் பயம் ஒன்றுதான்: "மெஷினுக்குக் கீழே படுத்தால் மூச்சு விடலாமா?"

தாராளமாக விடலாம். பயத்தில் நாமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பதுதான் பிழை.

'கரண்ட் பிடிக்கிறது' என்று நம்மவர்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையில், கட்டி இருக்கும் இடத்தைக் குறிபார்த்துக் கதிரை விடுகிறார்கள். மூச்சு விட நெஞ்சு ஏறி இறங்கும். நுரையீரலும் ஈரலும் கூடவே அசையும். நுரையீரலின் அடிப்பக்கத்துக் கட்டி 1 சென்ரிமீற்றருக்கு மேலும் நகரலாம். குறி தப்பினால் கட்டிக்குக் குறைவாகவும் நல்ல சதைக்குக் கூடுதலாகவும் கதிர் படும்.

இதற்குப் பல வழி உண்டு. கட்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஸ்கேனில் பார்த்து, அந்த இடம் முழுவதற்கும் கதிர் விடுவது ஒன்று. அப்போது வழக்கம்போல ஆறுதலாக மூச்சு விட்டால் போதும். வயிறு அதிகம் அசையாமல் பட்டியால் அழுத்துவது இன்னொன்று. சில மெஷின்கள் மூச்சின் ஒரு கட்டத்தில் மட்டும் கதிரை விட்டு, மற்ற நேரம் நிறுத்திக்கொள்ளும்.

இடது மார்பில் புற்றுநோய் வந்த பெண்கள் சிலரிடம், ஆழமாக மூச்சை இழுத்து சுமார் 20 விநாடி பிடிக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரிந்ததும் இருதயம் நெஞ்சுச் சுவரை விட்டுத் தள்ளிப்போகும். இருதயத்தில் படும் கதிர் குறையும். பிற்காலத்தில் இருதய நோய் வரும் ஆபத்தும் குறையும். எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. உங்களுக்கு எது என்று டொக்டரிடம் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஸ்கேன் அன்று பழக்கிய மாதிரியே ஒவ்வொரு நாளும் மூச்சு விடுங்கள்.

2. இருமல், சளி, மூச்சுமுட்டு இருந்தால் படுக்கும் முன்னமே சொல்லுங்கள்.

3. சிங்களத்தில் சொன்னால் தடுமாற வேண்டாம். 'ஹுஸ்ம கன்ன' என்றால் மூச்சை இழுங்கள். 'ஹுஸ்ம அல்லாகன்ன' என்றால் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஹுஸ்ம பிட்ட கரன்ன' என்றால் வெளியே விடுங்கள்.

4. பிடிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வெளியே கமெராவில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மெஷினை நிறுத்துவார்கள். ஏச மாட்டார்கள்.

"என்னால் மூச்சைப் பிடிக்க ஏலாது" என்று வெட்கப்பட்டுச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். அதைச் சொன்னால் வேறு வழி பார்ப்பார்கள். சொல்லாமல் வீட்டில் நின்றால் நோய்தான் வளரும்.