சிறுநீரக அறுவை சிகிச்சைக்குப் பின்: முன் நடந்தவரின் துணை

புற்றுநோய்க்காக ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டு வீடு திரும்புபவரின் கையில் மருந்துச் சீட்டும் மறுபரிசோதனைத் தேதியும் இருக்கும். மனத்தில் இருக்கும் கேள்விகளோ வேறு. இனிக் காட்டு வேலைக்குப் போக முடியுமா? தையல் போட்ட இடம் இழுப்பது இயல்புதானா? எஞ்சிய ஒன்றும் பழுதாகிவிடுமோ? நோய் திரும்புமோ? மருத்துவரிடம் கேட்கத் தயங்குவோர் உண்டு. வீட்டார் கலங்குவார்களே என்று அடக்கிக்கொள்வோரும் உண்டு. இதே சிகிச்சையைக் கடந்து வந்த ஒருவரிடம் அந்தத் தயக்கம் எளிதில் விலகும்.

இந்த முறை புதிதன்று. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு உள்ளான தெரேசு லாசர், 1952இல் நியூயார்க்கில், தம்மைப் போன்ற பெண்களை மருத்துவமனையிலேயே சந்தித்து ஆறுதல் கூறத் தொடங்கினார். மும்பையில் புற்றுநோயிலிருந்து மீண்ட வந்தனா குப்தா, 1994இல் 'வி கேர்' அமைப்பை நிறுவினார்.

புதூர், விளாத்திகுளம் பகுதிக் கரிசல் கிராமங்களில் இத்துணை எளிதில் கிடைப்பதில்லை. சிகிச்சைக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை என்று வெளியூர் செல்ல வேண்டியிருக்கிறது. வார்டில் ஏற்பட்ட பழக்கம் ஊர் திரும்பியதும் அறுந்துவிடுகிறது. நோயின் பெயரை வெளியே சொல்லக் கூசுவதால், பக்கத்து ஊரிலேயே இருப்பவரும் தெரியாமல் போகிறார். ஆகவே, வீடு திரும்பும் முன்னரே செவிலியரிடம் கேளுங்கள். இருவரும் இசைந்தால் மட்டும் தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொள்ளலாம்.

அனுபவம் பெற்றவர் சொல்லித்தரக்கூடியவை பல: இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்வது, படுக்கையிலிருந்து ஒருக்களித்து எழுவது, சில வாரங்கள் நீடிக்கும் அயர்ச்சிக்கு அஞ்சாதிருப்பது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், உர மூட்டை, பருத்திப் பொதி போன்றவற்றைத் தூக்கலாகாது. 'நானும் பொறுத்திருந்துதான் வேலைக்குத் திரும்பினேன்' என்று ஒருவர் சொன்னால் அந்தக் காத்திருப்பு எளிதாகிறது. ஆரோக்கியமான ஒரு சிறுநீரகமே உடலுக்குப் போதுமானது. அது மெல்ல வளர்ந்து கூடுதல் பணியை ஏற்றுக்கொள்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 1869இல் குஸ்தாவ் சைமன் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றியபோதும், அவர் மற்றொன்றைக் கொண்டு உயிர் வாழ்ந்தார்.

எனினும் அனுபவத்தைப் பகிரலாம், மருந்தைப் பகிரலாகாது. ஒருவருக்குச் சிறுநீரகம் முழுவதும், மற்றவருக்கு ஒரு பகுதி மட்டும் அகற்றப்பட்டிருக்கலாம். நோயின் நிலையும் வேறுபடும். உடல்வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகள் எஞ்சிய சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நாட்டு மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம். வெயிலில் உடல் வறளாமல் பார்த்துக்கொள்வது அவசியம். நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்துவது என்பதையும் அவரே கூற வேண்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் குறைதல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனையை நாடுங்கள். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 108ஐ அழையுங்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கும் இத்தகைய துணை தேவை. உறக்கமின்மை, கடன் கவலை, சொல்ல இயலாத அச்சம் ஆகியவற்றை அதே நிலையில் இருந்த மற்றொரு குடும்பத்தாரிடம் மனம் திறந்து பேசலாம். மனச்சோர்வு நீடித்தால் 14416 என்னும் 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

புற்றுநோய் வலியின்றியும் திரும்பக்கூடும். உடல் தேறியதும், பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் எண்ணி ஸ்கேன் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து. 'இந்த மாதம் உங்கள் தேதி அல்லவா? சேர்ந்தே போய் வருவோம்' என்று ஒருவர் அழைத்தால், தவறவிருந்த பரிசோதனை தவறாது. இன்று அந்த அழைப்பைப் பெறுபவர், நலம் பெற்றபின் மற்றொருவருக்கு அதைச் செய்யலாம்.