டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு: காரணம் அறிதலும் பழுது நீக்கலும்

வேலை முடிந்து இரவில் நிறுத்தப்பட்ட டிராக்டரின் பின்புறத்தில், காலையில் கையகல எண்ணெய்த் திட்டு ஒன்று தரையில் காணப்படுகிறது. பழைய டிராக்டர் வைத்திருப்போருக்கு இது புதிய காட்சியன்று. குறைந்த அளவு எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டு உழவைத் தொடர்வதே பலருடைய வழக்கம். பருவம் தவறிவிடுமோ என்னும் கவலையால் இவ்வாறு செய்வோரைக் குறைகூற இயலாது. எனினும், இதனால் விளையும் நஷ்டம் யாது, பழுது நீக்கப் புகுவோர் முதலில் அறிந்திருக்க வேண்டியது யாது என்பவற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமையாகும்.

நஷ்டத்தை எளிய கணக்கால் விளக்கலாம். நொடிக்கு ஒரு துளி வீதம் எண்ணெய் சொட்டினால் மணிக்கு 3,600 துளிகள் வெளியேறும். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 30 துளிகள் எனக் கொண்டால், 8 மணி நேர வேலையில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் மண்ணில் சேர்கிறது. மேலும், பழைய டிராக்டர்கள் பலவற்றில் கியர்ப் பெட்டி, டிஃபரன்ஷியல், லிப்டு ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய் பொதுவாக அமைந்துள்ளது. ஆகவே லிப்டில் தொடங்கும் கசிவு கவனிக்கப்படாவிடின், இறுதியில் பல்சக்கரங்களும் தேய நேரிடும்.

அழுத்தம் செயற்படும் விதம்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். இத்தத்துவத்தைக் கலப்பையுடன் இணைத்துப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஹாரி ஃபெர்குஸன். 1936ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஃபெர்குஸன்-பிரௌன் டிராக்டரில் அமைந்திருந்த மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக் லிப்டும், இன்று உலகெங்கும் உள்ள டிராக்டர்களில் பொது அமைப்பாகிவிட்டன.

டிராக்டரின் பின்சக்கர டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம். லிப்டின் எண்ணெய் அழுத்தமோ முழுப் பளுவில் 150 கிலோகிராம் அளவை எட்டக்கூடும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 44 சதுர சென்டிமீட்டர். ஆகவே அதன் மீது தாக்கும் விசை சுமார் 6,600 கிலோகிராம் ஆகும். நெம்புகோல் அமைப்பின் காரணமாக இணைப்புச் சட்டங்களின் முனையில் கிடைக்கும் தூக்குவிசை இதனினும் மிகக் குறைவே. ஆயினும், எண்ணெயில் அடங்கியுள்ள ஆற்றல் எத்தகையது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

முதற்கண் பாதுகாப்பு

அழுத்தமுள்ள குழாயில் ஊசித்துளை அளவு வெடிப்பு இருப்பினும், அதன் வழியே பீறிடும் எண்ணெய் மனிதத் தோலைத் துளைத்து உட்புகும். டிப்பர் டிரெயிலருக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களிலும் அவற்றின் இணைப்புகளிலும் இவ்வபாயம் மிகுதி. கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் அறவே கைவிடத்தக்கது. தடித்த அட்டை ஒன்றைக் குழாயின் ஓரமாகப் பிடித்தால், எண்ணெய் பட்ட அடையாளம் அதில் தெரியும். முகத்தைத் தொலைவில் வைத்துக் கண்ணாடியும் அணிந்துகொள்ளல் வேண்டும்.

எண்ணெய் தோலினுள் புகுந்தவிடத்து முதலில் முள் குத்தியது போன்ற சிறு புள்ளியே தோன்றும். வலியும் அதிகம் இராது. இதனால் ஏமாந்து பலர் காலந்தாழ்த்துகின்றனர். சில மணி நேரத்தில் உள்தசை பழுதுற்று, விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அவ்விடத்தைத் தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, உயர் அழுத்த எண்ணெய் உட்புகுந்ததென மருத்துவரிடம் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

எந்த இணைப்பைக் கழற்றுமுன்பும் கலப்பையையும் டிரெயிலர்த் தொட்டியையும் தரைமட்டத்துக்கு இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிப்டு நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து எஞ்சிய அழுத்தத்தைப் போக்குதல் அவசியம். உயர்த்திய கருவியின் கீழ் எவரும் செல்லலாகாது.

வெளிக் கசிவா, உட்கசிவா?

வெளிக் கசிவை அறிய, பின்பகுதி முழுவதையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு துடைத்து உலரவிட்டு, சாக்குத்தூளை மெல்லத் தூவி, சிறிது நேரம் லிப்டை இயக்கி, எஞ்சினை நிறுத்தியபின் பார்க்கலாம். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதால், நனைந்த பகுதிகளுள் மிக உயரத்தில் உள்ளதே பெரும்பாலும் கசிவின் தோற்றுவாயாகும். லிப்டுக் கைகள் பொருந்தியுள்ள குறுக்குத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள், மேல்மூடியின் பேக்கிங், குழாய் இணைப்புகளின் வாஷர்கள் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள்.

உட்கசிவில் ஒரு துளியும் தரையில் விழாது. பிஸ்டனின் ஓ-ரிங்கைக் கடந்தோ, வால்வின் வழியாகவோ எண்ணெய் தொட்டிக்கே திரும்பிவிடும். கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்தி, பக்கவாட்டில் நின்றபடி அளவுகோலால் தரையிலிருந்து உயரத்தைக் குறித்துக்கொண்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கவேண்டும். விரைவாக இறங்கினால் உட்கசிவு உண்டு. எஞ்சின் ஓடும்போது உயர்த்திய கலப்பை விட்டுவிட்டுத் துள்ளுவதும் இதன் அறிகுறியே. இதனைச் சீர்செய்யக் கனமான மேல்மூடியைத் தூக்கவேண்டியிருப்பதால், அது பட்டறைக்கு உரிய வேலை.

காரணம் அறிந்து மாற்றுதல்

புதிய சீல் சில வாரங்களிலேயே மீண்டும் கசிவதாக முறையிடுவோர் உளர். சீல் மாற்றப்பட்டது, அதைக் கெடுத்த காரணம் மாற்றப்படவில்லை என்பதே இதன் பொருள். முதலில் காற்றுப்போக்கியைக் காண்க. அது அழுக்கால் அடைபட்டிருப்பின், சூடேறிய எண்ணெயும் காற்றும் விரிந்து சீலின் வழியே எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் மட்டம் குறிக்கு மேல் இருப்பினும் இவ்வாறே நிகழும். அடுத்து, லிப்டுக் கையை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். தண்டு ஆடினால் புஷ் தேய்ந்துள்ளது. அதை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்.

கையைக் கழற்றுமுன் தண்டிலும் கையிலும் நேர்க்கோட்டில் அடையாளப் புள்ளி இடுதல் வேண்டும். பழைய சீலை எடுத்தபின் தண்டின் பரப்பில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படக்கூடும். அவ்வாறாயின் தண்டுக்கு உறை பொருத்தியோ தண்டை மாற்றியோ சரிசெய்யவேண்டும். புதிய சீலின் விளிம்பில் எண்ணெய் தடவி, அவ்விளிம்பு எண்ணெய் உள்ள பக்கத்தை நோக்கும்படி வைத்து, பொருத்தமான குழாய்த் துண்டினால் சாயாமல் தட்டி இறக்குதல் முறை.

பழைய டியூபை வெட்டி வாஷராக்குவது பரவலாகக் காணப்படும் தவறு. அந்த ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிவிடும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரால் ஆன ஓ-ரிங்கையே கேட்டு வாங்கல் வேண்டும்.

வகுப்பறையில்

பருமன் வேறுபட்ட, ஊசியற்ற இரு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை நீர் நிரப்பிய குழாயால் இணைத்து, சிறியதை அழுத்திப் பெரியதன் மேல் வைத்த புத்தகத்தை ஆசிரியர்கள் உயர்த்திக் காட்டலாம். பின்னர், ரப்பர் தேய்ந்த சிரிஞ்சு ஒன்றைப் பெரியதன் இடத்தில் பொருத்தினால், குழாய் இணைப்புகளில் நீர் சொட்டாதிருந்தும் புத்தகம் மெல்ல இறங்கும். உட்கசிவின் தன்மை மாணவர்க்கு விளங்க இஃதொன்றே போதும்.

1955ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் தோன்றிய மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் போன்றவற்றுக்கு எல்லா உழவரும் சென்று கற்றல் இயலாது. ஆயினும், அடுத்த முறை டிராக்டரின் அடியில் எண்ணெய்த் திட்டைக் காணும் உழவர், கையை நீட்டுமுன் எஞ்சினை நிறுத்திக் கலப்பையை இறக்குவாராயின், களப்பணியாளரின் உழைப்பு பயன் தந்ததாகும்.