உங்களுக்குத் தெரியுமா? போன் லைனுக்குள் ஓடும் 64!

டிஜிட்டல் தொலைபேசியில் நீங்கள் "ஹலோ" என்றால் அந்தக் குரல் அப்படியே போவதில்லை. அதை அளந்து, எண்ணாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். எத்தனை முறை அளக்கிறார்கள்? நொடிக்கு 8,000 முறை!

ஒவ்வொரு முறைக்கும் 8 பிட். 8,000-ஐ 8-ஆல் பெருக்குங்கள். 64,000! ஒரு குரல் சேனலின் வேகம் இதுதான். அமெரிக்காவானாலும் சரி, அமைந்தகரையானாலும் சரி, நொடிக்கு 64 கிலோபிட்!

இத்தனை செய்தும் உங்கள் குரல் முழுசாகப் போகாது. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுமதி. 'ஸ்' ஒலியின் கூர்மை அதற்கும் மேலே! போனில் இனிஷியல் சொன்னால் "எஸ்ஸா, எஃப்பா?" என்று திருப்பிக் கேட்கிறார்களே, காரணம் இதுதான்!

ஆண் குரலின் அடிப்படை அதிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. லைனில் அது வரவே வராது! ஆனாலும் அப்பாவின் கனத்த குரல் காதில் விழுகிறது. வராத ஒலியை இட்டு நிரப்புவது உங்கள் மூளை!

குரலை எண்ணாக்கி அனுப்பும் இந்த முறைக்கு ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் பிரான்சில் காப்புரிமை பெற்றது 1938-இல். அமெரிக்காவின் பெல் நிறுவனம் இதை 'டி1' லைனாக ஓடவிட்டது 1962-இல். இடையே 24 ஆண்டுகள்!

அந்த டி1 லைனில் இரண்டே ஜோடி செம்புக் கம்பி. அதில் ஒரே நேரத்தில் 24 உரையாடல்! மொத்த வேகம் நொடிக்கு 15,44,000 பிட். 24 சேனலுக்கு 15,36,000 போக மிச்சம் 8,000. எந்தத் துண்டு எந்தச் சேனலுடையது என்று அடையாளம் காட்ட மட்டுமே அந்த 8,000!

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஓடுவது 'ஈ1'. இதில் 32 சேனல், நொடிக்கு 20,48,000 பிட்! ஆனால் பேசுவதற்கு 30 தான். ஒன்று நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று யார் அழைத்தார், யார் வைத்தார் என்று சேதி சொல்லும்!

ஈ1 லைனில் சேனல்கள் முறை வைத்து மாறி மாறி ஓடும். ஒரு சேனலுக்கு ஒரு சுற்றில் கிடைக்கும் நேரம் எவ்வளவு? நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 4 பங்குகூட இல்லை!

ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் போன் இணைப்பு இன்னும் கெட்டியாக இருந்தது. வீட்டுக்கு வந்த ஒரே ஜோடிக் கம்பியில் இரண்டு 64, கூடவே ஒரு 16. ஆக 144 கிலோபிட். ஒன்றில் பேச முடிந்தது, மற்றதில் இணையம் பார்க்க முடிந்தது!

ஜி.எஸ்.எம். செல்போன் வந்தபோது குரலை எவ்வளவு சுருக்கினார்கள் தெரியுமா? வெறும் 13 கிலோபிட்! 64-இல் ஐந்தில் ஒரு பங்கு!

கடைசியாக ஒன்று. டிஜிட்டல் லைனில் ஒரு நிமிடம் வாயே திறக்காமல் இருந்து பாருங்கள். சேனல் சும்மா இருக்காது. உங்கள் மௌனத்தை எதிர்முனைக்குக் கொண்டுசேர்க்க அது அனுப்பியிருப்பது 38,40,000 பிட்!