இரும்பு தந்த ஊரில் ஒரு தூக்குமரம்

தென் வேல்ஸ் மலைகளுக்கிடையே மேர்தர் ரிட்வில் என்னும் பட்டினம் உளது. நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணக்கல், ஓடும் நீர் யாவும் அருகருகே கிடைத்தமையால், 1759ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே இரும்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1804இல் திரெவிதிக் என்பார் அமைத்த நீராவி எந்திரம், இருப்புப் பாதை மீது 10 தொன் இரும்பை இழுத்துச் சென்றதும் இவ்வூரின் பெனிடாரன் ஆலையிலிருந்தே. புகையிரதத்தில் ஏறும் நம்முள் எத்தனை பேர் இதனை அறிவோம்!

அவ்விரும்பை உருக்கியோரின் வாழ்வோ வேறு. 1831இல் இரும்பின் விலை வீழவே, கூலி குறைக்கப்பட்டது. கடன்பட்டோர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை நீதிமன்றச் சேவகர் பறித்துச் சென்றனர். பொறுத்துப் பார்த்த மக்கள் ஜூன் மாதத்தில் கிளர்ந்தெழுந்து, அப்பொருள்களை மீட்டு உரியவரிடம் சேர்த்தனர். ஜூன் 3ஆந் திகதி ஒரு விடுதியின் முன் படையினர் சுட்டதில் குறைந்தது 16 பேர் மாண்டனர்.

நம் நெஞ்சை உறுத்துவது பின்னர் நிகழ்ந்ததே. டொனால்ட் பிளாக் என்ற படைவீரனைக் குத்தினான் என, 'டிக் பென்டெரின்' என்று ஊரார் அழைத்த ரிச்சர்ட் லூயிஸ் மீது குற்றஞ் சாட்டினர். குத்துண்டவனோ காயம் ஆறிப் பிழைத்தான். தன்னைத் தாக்கியவன் இவனே என அவன் அடையாளங் காட்டவுமில்லை. கருணை வேண்டி 11,000 பேர் மனுவில் ஒப்பமிட்டனர். உள்நாட்டமைச்சர் மெல்பேண் பிரபு இணங்கினாரல்லர். ஆகஸ்ட் 13ஆந் திகதி காடிவ் நகரில் அவ்விளைஞன் தூக்கிலிடப்பட்டான்.

1874இல் செய்தித்தாளொன்றில் ஒரு செய்தி வெளியாயிற்று: அமெரிக்காவில் மரணப் படுக்கையிற் கிடந்த வேறொருவன், அன்று குத்தியவன் தானே என ஒப்புக்கொண்டானாம்.